பழைய மின்ரயிலைப் பற்றிக் கேளுங்கள்

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் படிக்கும் பிள்ளைகள் அதில் வாரம் ஒரு மணி நேரத்தை மறதிநோய் உள்ள ஒரு பெரியவருக்குக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

"காலையில என்ன சாப்பிட்டீங்க தாத்தா?" என்றால் திணறுவார். புதிய நினைவுகள்தான் பெரும்பாலும் முதலில் நழுவும். இளமைக்கால நினைவுகள் நெடுநாள் தங்கும். 1931-இல் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்ரயிலைப் பற்றிக் கேளுங்கள். அதில் வேலைக்குப் போனவர் என்றால், எந்த ஸ்டேஷனில் யார் ஏறுவார் என்றுகூடச் சொல்லக்கூடும். தப்பாகச் சொன்னால் திருத்த வேண்டாம். "என்னைத் தெரியுதா?" என்று தயவுசெய்து சோதிக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் நீங்களே பெயரைச் சொல்லுங்கள்.

ஆர்வம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும். ஜப்பானில் 2005 முதல் பொதுமக்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மறதிநோய் பற்றி ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வகுப்பு நடத்துகிறார்கள். நம் கல்லூரிகளும் இதைச் செய்ய முடியும். குடும்பத்தாரிடம் கேட்டுக்கொண்டு இருவராகப் போங்கள். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில், இரவெல்லாம் கண்விழித்த பாட்டியோ மருமகளோ கடைக்கும் மருத்துவரிடமும் போய் வரலாம்.