போர்ச் செய்தியும் நாமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



புலவர்களும் பேராசிரியர்களும் பேசிய இம்மேடையில் ஓர் இரயில்வே குமாஸ்தாவைப் பேச அழைத்திருக்கிறீர்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்ட எனக்கு இலக்கிய ஆராய்ச்சி செய்யும் தகுதி இல்லை. ஆயினும் செய்தி என்னும் பொருளோடு நாள்தோறும் பழகுகின்றவன் நான். எந்த வண்டி வருகிறது, எவ்வளவு தாமதம், எது ரத்தாயிற்று என்று கேட்போர்க்கு விடை கூறுவதே என் அலுவல். ஆதலின் போர்ச் செய்தியை நாம் எவ்வாறு ஏற்பது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

‘போர் எங்கோ நடக்கிறது, நமக்கென்ன?’ என்று சிலர் கேட்கலாம். 2025ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் இரவு நம் நகருக்கு வந்த விருந்தாளியை அன்னார்க்கு நினைவூட்டுகிறேன். அரபிக் கடலில் இருந்த ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப்-35பி என்ற போர் விமானம், வானிலை கெட்டு எரிபொருளும் குறைந்தமையால், நம் விமான நிலையத்தில் இறங்கிற்று. பத்துக் கோடி டாலருக்கு மேல் விலையுள்ளது; ரேடாரின் கண்ணுக்கு எளிதில் அகப்படாதது. அத்தகைய விமானம் ஹைட்ராலிக் கோளாறு கண்டு, நம் ஊர் இடவப்பாதி மழையில் நனைந்து கொண்டு நின்றது. ஜூலை 6ஆம் நாள் பிரிட்டனிலிருந்து பொறியாளர் குழு வந்த பிறகே கொட்டகைக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. ஜூலை 22ஆம் நாள் புறப்பட்டுப் போயிற்று. ஆக, 38 நாள் விருந்து!

அந்நாட்களில் இணையத்தில் நடந்த வேடிக்கைகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கேரளத்தின் அழகில் மயங்கித் திரும்பிச் செல்ல மனமில்லை என்று அவ்விமானமே நற்சான்று எழுதியது போல் மாநிலச் சுற்றுலாத் துறை ஒரு விளம்பரம் வெளியிட்டது. உலகமே சிரித்தது. நாற்பது இலட்சம் டாலருக்கு அது விற்பனைக்கு வந்திருப்பதாக யாரோ ஒரு போலி விளம்பரமும் செய்தார். சாலைக் கடைத்தெருவில் அதை மெய்யென்று நம்பி, வாங்கப் போகிறவர் யார் என்று வழக்காடியவர்களை நான் அறிவேன்.

சிரிப்பதில் குற்றமில்லை. ஆனால் நாம் சிரித்துக் கொண்டிருந்த அதே நாட்களில் மேற்கே நடந்தது என்ன? அவ்விமானம் இறங்கியதற்கு முந்திய நாள்தான் இஸ்ரேல் ஈரானைத் தாக்கிற்று. ஜூன் 22ஆம் நாள் அமெரிக்கா ஈரானின் அணு நிலையங்களைத் தாக்கிற்று. மறுநாள் இரவு கத்தார் நாட்டிலுள்ள அல் உதெய்த் என்னும் அமெரிக்கப் படைத்தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசிற்று. வளைகுடா நாடுகள் வான்வழியை மூடின. கேரளத்திலிருந்து அங்கே செல்லும் விமானங்கள் ரத்தாயின. வீட்டுக்கு ஒருவரை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு வாழ்கின்ற நாடு இது. நம் குமரி மாவட்டமும் அதற்கு விலக்கன்று.

அன்றிரவு எங்கள் தெருவில் ஓர் அம்மையார் பட்ட பாட்டைக் கூறுகிறேன். அவர் மகன் தோஹாவில் ஓட்டுநர். நகரமே தீப்பற்றி எரிவதாக ஒரு படம் அவர் கைப்பேசிக்கு வந்தது. ஒருவரிடமிருந்தன்று, பதினொரு பேரிடமிருந்து வந்தது. மகனைத் தொலைபேசியில் அழைத்தால் மறுமொழி இல்லை. “பதினொரு பேரும் பொய்யா சொல்வார்கள் அண்ணாச்சி?” என்று என்னிடம் கேட்டு அழுதார். இரவு இரண்டு மணிக்கு மேல் மகனே அழைத்தான். சத்தம் கேட்டது உண்மை, தனக்கு ஒரு தீங்கும் இல்லை என்றான். அத்தாக்குதலில் ஒருவரும் உயிரிழக்கவில்லை என்று மறுநாள் அறிந்தோம். அப்படமோ வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ ஆண்டில் எடுத்தது! அதை அனுப்பிய பதினொருவரும் அந்த அம்மையாரின் உறவினர், அவர்மீது அன்புடையவர்கள். பகைவன் ஒருவனும் செய்யாத துன்பத்தை அன்பர்கள் செய்தார்கள்.

இது இணையத்தோடு பிறந்த நோயன்று. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு எம்டன் என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னையின்மீது குண்டு வீசி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திற்று. வீச்சு அரைமணி நேரங்கூட நீடிக்கவில்லை. ஆயினும் பல்லாயிரம் மக்கள் ஊரைவிட்டு ஓடினர். அக்கப்பல் அவ்வாண்டு நவம்பரிலேயே அழிந்து போயிற்று. அச்சமோ ‘எம்டன்’ என்ற சொல்லாய் இன்றும் தமிழில் வாழ்கிறது. அதிலாவது கப்பல் வந்தது மெய். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் கடற்படை சென்னையை நெருங்குவதாக வந்த செய்தியை அரசாங்கமே நம்பிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. விலங்குக் காட்சிச் சாலையிலிருந்த கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். கடற்படை வரவே இல்லை. 2025 மே மாதத்தில் இந்திய பாகிஸ்தான் மோதல் நடந்தபோது, கராச்சித் துறைமுகத்தை நம் கடற்படை அழித்துவிட்டது என்று சில தொலைக்காட்சிகள் முழங்கின. அதுவும் பொய்யாய் முடிந்தது. கணினி விளையாட்டுக் காட்சிகள் போர்க்காட்சிகளாக ஊர்சுற்றின. படித்தவர், பதவியிலிருப்பவர் என்ற வேறுபாடு பொய்ச் செய்திக்கு இல்லை.

இப்பொய்கள் அச்சத்தோடு நின்றவை. உயிரைக் கொண்டுபோன பொய்யும் உண்டு. நம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான அஞ்சுதெங்கு, பொழியூர் ஆகியவற்றின் இளைஞர் சிலர், ரஷ்யாவில் காவல் வேலை, கைநிறையச் சம்பளம் என்ற பேச்சை நம்பிச் சென்று, உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். சமூக ஊடக விளம்பரங்களும் உள்ளூர் முகவர்களுமாகச் சேர்ந்து விரித்த வலை அது. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்தது. ஏப்ரலில் இருவர் காயத்தோடு திரும்பி வந்தனர். திருச்சூர் மாவட்டத்து இளைஞர் ஒருவர் திரும்பவே இல்லை. அவர் இறந்த செய்தி 2025 ஜனவரியில் உறுதியாயிற்று. பொழியூரைத் தாண்டினால் நம் நீரோடி. வலை வீசி மீன் பிடிக்கும் மக்களையே வலையில் பிடித்தார்கள் என்றால், நம் பிள்ளைகளுக்கு மட்டும் காப்பு ஏது?

அன்பர்களே! என் துறையில் ஒரு வழக்கம் உண்டு. பிளாக் கருவி பழுதுபட்டால், ஸ்டேஷன் மாஸ்டர்கள் தொலைபேசியில் லைன் கிளியர் கேட்பார்கள். வெறும் வாய்ச்சொல்லை ஏற்பதில்லை. சொன்னவர் யார், சொன்ன நேரம் என்ன என்பது ஏட்டில் ஏறும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் தம் இரகசியத் தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் கொடுக்க வேண்டும். முப்பதாண்டு பழகிய நண்பராயினும் இம்முறை மாறாது. அது நண்பர்மீது கொண்ட ஐயமன்று. வண்டியிலிருக்கும் உயிர்கள்மீது கொண்ட மதிப்பு.

வள்ளுவப் பெருந்தகையும் ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் இத்தகைய முறை ஒன்றை வகுத்திருக்கிறார். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி இருக்க வேண்டும். மூவர் கூற்றும் ஒத்தால் நம்பலாம் என்பது அவர் கருத்து. இங்கேதான் நம் அம்மையாரின் கேள்விக்கு விடை இருக்கிறது. பதினொரு பேர் அனுப்பினார்கள். ஆனால் பதினொரு சாட்சிகள் இல்லை. ஒரே படம் பதினொரு கை மாறி வந்தது. கைகளை எண்ணினோம், கண்ணால் கண்டவரை எண்ணவில்லை.

சங்கத்தார் முன் ஒரு வேண்டுகோளை வைத்து முடிக்கிறேன். அயல்நாட்டில் வாழும் நம் உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளின் ஊர், வேலையிடம், உடனிருப்போர் இருவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதி ஓர் ஏடு நம் சங்கத்தில் இருக்கட்டும். தூதரகத்தின் எண்ணும், நோர்க்கா அலுவலகத்தின் எண்ணும் அதன் முதற் பக்கத்தில் இருக்கட்டும். அயல்நாட்டு வேலை என்று எவரேனும் அழைத்தால், பயணச் சீட்டு வாங்குமுன் அந்தக் கடிதம் சங்கத்துப் பெரியோர் நால்வர் கண்ணில் படட்டும். உற்றாரைப் பிரிந்து வேற்றூரில் வாழும் நமக்குச் செய்தியே உறவின் உயிர்நாடி. அதில் நஞ்சு கலவாமல் காப்பதும் தமிழ்த் தொண்டே ஆகும்.

லைன் கிளியர் பெறாத வண்டியை நிலையத்திலேயே நிறுத்தி வைக்கிறோம். உறுதி பெறாத செய்தியையும் நம் கைப்பேசியிலேயே நிறுத்தி வைப்போமாக! சற்றுத் தாமதமாகும்; ஆகட்டும். தாமதத்தால் விளையும் துன்பத்தினும் மோதலால் விளையும் துன்பம் பெரிது என்பதை இரயில்வேக்காரன் அறிவான்.