பந்தயம் யாருக்கு? பாரம் யாருக்கு?

(அரியாங்குப்பத்தில் மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை.)



2030-ம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஆமதாபாத் நகரில் நடைபெறும் என்று 2025 நவம்பர் 26-ந் தேதி கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டுப் பொதுச்சபை தீர்மானித்தது. அதோடு நிற்கவில்லை. 2036-ம் ஆண்டின் ஒலிம்பிக் பந்தயத்தையும் இந்தியாவிலேயே நடத்த வேண்டும் என்று 2024 அக்டோபரிலேயே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக்கு விருப்பக் கடிதம் போயிருக்கிறது.

ஆமதாபாத் எங்கே, அரியாங்குப்பம் எங்கே, நடவுக் கூலியைப் பேச வந்தவர்களிடம் ஓட்டப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சில தோழர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். பதில் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். விளையாட்டுக்கு நாம் விரோதிகள் அல்ல. நம் ஊர்த் திடல்களில் மூச்சுப் பிடித்து ஆடிய சடுகுடு, 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டில் கண்காட்சி ஆட்டமாக ஆடப்பட்டது. 1990-ல் பீஜிங் நகரில் பதக்கத்துக்குரிய ஆட்டமாயிற்று. ஏழை வீட்டுப் பிள்ளை உலக மேடையில் ஏறினால் நமக்கு அதைவிடப் பெருமை எது? நம் கேள்வி வேறு. அந்த மேடையைக் கட்டுகிறவன் யார்? அவனுக்கு என்ன கூலி? மேடை போட இடம் வேண்டுமென்று யாருடைய குடிசை பிடுங்கப்படுகிறது? செலவுக்கு யார் வாயிலிருந்து எடுக்கிறார்கள்?

1936: ஒரே வாரத்தில் இரண்டு செய்திகள்

1936 ஜூலை 30-ந் தேதியை இந்த மண்ணில் யாரும் மறக்க முடியாது. எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய புதுவை மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கி பேசியது. 12 தோழர்கள் ரத்தம் சிந்தி மாண்டார்கள். அதற்கு இரண்டே நாள் கழித்து, ஆகஸ்ட் 1-ந் தேதி, பெர்லின் நகரில் ஹிட்லர் ஒலிம்பிக் பந்தயத்தைத் தொடங்கி வைத்தான்.

அந்தப் பந்தயத்துக்காக பெர்லின் எப்படி அழகு செய்யப்பட்டது தெரியுமா? ஜூலை 16-ந் தேதி நகரில் இருந்த ரோமா மக்களை, குழந்தை குட்டிகளோடு, போலீஸ் வளைத்துப் பிடித்து நகரின் ஓரத்தில் மார்சான் என்ற இடத்தில் அடைத்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாதாம்! பந்தயம் முடிந்தும் அவர்கள் விடுவிக்கப்படவில்லை. பின்னாளில் அவர்களில் பலர் ஆஷ்விட்ஸ் கொலைக்களத்துக்கு அனுப்பப்பட்டார்கள்.

ஆனால் வேறொரு பந்தயமும் அந்த வருஷம் ஏற்பாடாயிற்று. பாசிச பெர்லினுக்குப் போக மறுத்தவர்கள் ஸ்பெயின் நாட்டு பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக் நடத்த ஆயிரக்கணக்கில் கூடினார்கள். தொழிற்சங்கங்களும் தொழிலாளர் விளையாட்டுக் கழகங்களும் அனுப்பிய வீரர்கள் அவர்கள். ஜூலை 19-ந் தேதி தொடக்க விழா. அன்று காலையில் பாசிசக் கலகக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம்தான் கேட்டது. பந்தயம் நடக்கவில்லை. வந்த வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் அங்கேயே துப்பாக்கி ஏந்திக் குடியரசுக்காகப் போராடினார்கள். தொழிலாளி வர்க்கம் தனக்கென்று ஒலிம்பியாட் நடத்திய வர்க்கம், தோழர்களே! 1925-ல் பிராங்க்பர்ட்டில் நடத்தியது; 1931-ல் வியன்னாவில் நடத்தியது; 1937-ல் ஆன்ட்வெர்ப்பில் நடத்தியது.

டெல்லியில் ஒரு ரூபாய்

இனி நம் நாட்டுக்கு வருவோம். முதல் ஆசிய விளையாட்டு 1951 மார்ச் 4 முதல் 11 வரை டெல்லியில் நடந்தது. 11 நாடுகள், 489 வீரர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் 1933-ல் கட்டிய மைதானத்தையே உபயோகித்தார்கள். அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த ஆசிய நாடுகளின் பிள்ளைகள் கூடி விளையாடினார்கள். அது நல்ல காரியம்.

1982-ல் மறுபடி டெல்லி. இப்போது 33 நாடுகள். நேரு பெயரில் பெரிய ஸ்டேடியம், உள்ளரங்கம், மேம்பாலங்கள், வீரர்கள் தங்க ஒரு தனிக் கிராமம், எல்லாம் அவசர அவசரமாக எழும்பின. கட்டியவர்கள் ஒரிசா, ராஜஸ்தான் முதலிய மாநிலங்களிலிருந்து காண்டிராக்டர்களின் ஆட்கள் திரட்டிக் கொண்டு வந்த நிலமற்ற கூலி மக்கள். கொண்டு வந்தவனுக்கு ஜமாதார் என்று பெயர். நம் பக்கத்தில் மேஸ்திரி என்போம். தேயிலைத் தோட்டத்தில் கங்காணி என்பார்கள். பெயர்தான் வேறு, கை ஒன்றுதான்.

கணக்கைக் கேளுங்கள். சட்டப்படி குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 9 ரூபாய் 25 காசு. காண்டிராக்டர் அதைத் தொழிலாளி கையில் கொடுக்கவில்லை, ஜமாதாரிடம் கொடுத்தான். ஜமாதார் ஆளுக்கு ஒரு ரூபாய் கமிஷன் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தான். பெண்களுக்கு 7 ரூபாய்தான். 14 வயது நிரம்பாத பிள்ளைகளும் கல் சுமந்தார்கள்.

இதை நேரில் விசாரித்து எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது. அந்தக் கடிதமே வழக்காயிற்று. சர்க்கார் தரப்பு என்ன சொன்னது? இவர்கள் எங்கள் ஆட்கள் அல்ல, காண்டிராக்டரின் ஆட்கள் என்றது. கட்டிட வேலை 1938-ம் ஆண்டுக் குழந்தை வேலைச் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை என்றும் வாதாடிப் பார்த்தது.

1982 செப்டம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. காண்டிராக்டரைக் காட்டி சர்க்கார் தப்பித்துக்கொள்ள முடியாது; சட்டம் அமலாவதைப் பார்க்க வேண்டியது அதன் கடமை. கட்டிட வேலை ஆபத்தான வேலை. பட்டியலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவுப்படி பிள்ளைகளை அதில் ஈடுபடுத்தக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, 23-வது பிரிவு தடை செய்திருக்கும் கட்டாய உழைப்பே ஆகும். சவுக்கைக் காட்டித்தான் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதில்லை. பட்டினியும் மனிதனைக் கட்டாயப்படுத்துகிறது என்று கோர்ட்டு ஏற்றுக்கொண்டது. தொழிலாளர் சட்டத்தை மீறிய முதலாளிக்கு இருநூறு ரூபாய் அபராதம் போட்டு அனுப்பும் வழக்கத்தையும் அது கண்டித்தது.

தோழர்களே, நிலத்தில் வேலை செய்கிற ஒவ்வொருவரும் இந்தத் தீர்ப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். "இஷ்டமிருந்தால் வா, இல்லாவிட்டால் போ, நான் கொடுப்பது இவ்வளவுதான்" என்று சொல்லும் மிராசுதாருக்கும் மேஸ்திரிக்கும் இதுதான் பதில். குறைந்த கூலிக்கு நாம் சம்மதித்தோம் என்று அவன் சொல்ல முடியாது. பசிதான் சம்மதிக்க வைத்தது.

2010: மறுபடியும் அதே கதை

28 வருஷம் கழித்து, 2010 அக்டோபர் 3 முதல் 14 வரை, காமன்வெல்த் விளையாட்டு டெல்லியில் நடந்தது. நம் பிள்ளைகள் 101 பதக்கம் வென்றார்கள். அவர்கள் குறை வைக்கவில்லை.

செலவு? மத்திய தணிக்கை அதிகாரியின் 2011-ம் ஆண்டு அறிக்கை 18,532 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்கிறது. மெட்ரோ ரயிலுக்கும் விமான நிலையத்துக்கும் ஆன செலவு இதில் சேராது. இந்தப் பணத்தில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது? தாழ்த்தப்பட்ட மக்களின் முன்னேற்றத்துக்கென்று ஒதுக்கிய சிறப்புக் கூறுத் திட்ட நிதியிலிருந்து 600 கோடி ரூபாய்க்கு மேல் டெல்லி சர்க்கார் பந்தயத்துக்குத் திருப்பிவிட்டது. பார்லிமெண்டில் கேள்வி எழுந்தபோது, பார்த்த அளவில் இது தவறாகவே தெரிகிறது என்று உள்துறை மந்திரியே சொல்ல வேண்டியதாயிற்று. சேரிப் பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய காசு!

நகரத்தை அழகுபடுத்துகிறோம் என்று குடிசைகளை இடித்தார்கள். பல இடங்களில் மூங்கில் தட்டிகளையும் விளம்பரத் திரைகளையும் நிறுத்திச் சேரிகளை மறைத்தார்கள். பெர்லின் நினைவுக்கு வருகிறதா? பந்தயத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில், செப்டம்பர் 21-ந் தேதி, நேரு ஸ்டேடியத்தின் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து விழுந்தது. காயம்பட்டவர்கள் கூலித் தொழிலாளர்கள். யமுனை ஆற்றங்கரையில் கட்டிய வீரர் கிராமம் என்ன ஆயிற்று? பணக்காரர்களுக்கு விற்கும் அடுக்குமாடி வீடுகளாக ஆயிற்று. கட்டியவன் அடுத்த வேலைத்தலத்தில் தகரக் கொட்டகைக்குப் போனான்.

உலகம் என்ன சொல்கிறது?

கனடாவின் மான்ட்ரியல் நகரம் 1976-ல் ஒலிம்பிக் நடத்தியது. அந்தக் கடனை அடைத்து முடித்தது 2006-ல். முப்பது வருஷம்! பந்தயத்தைப் பார்த்த வாலிபன் கிழவனாகும் வரை வரி கட்டினான். ஆகவே ஜனங்கள் விழித்துக்கொண்டார்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநில மக்கள் 1972-லேயே ஓட்டுப் போட்டு, டென்வர் நகருக்குக் கிடைத்த குளிர்கால ஒலிம்பிக்கை வேண்டாமென்றார்கள். வியட்நாம் தன் கையில் இருந்த 2019 ஆசிய விளையாட்டை, பொருளாதார நிலைமையை யோசித்து, 2014-ல் திருப்பிக் கொடுத்தது. அமெரிக்க ஏகாதிபத்தியத்தையே விரட்டிய நாட்டுக்கு இதனால் கௌரவம் குறைந்துவிடவில்லை. 2026 காமன்வெல்த் விளையாட்டை நடத்த ஒப்புக்கொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், செலவு தாங்காது என்று 2023-ல் விலகிக்கொண்டது.

அப்படியானால் பந்தயமே நடத்தக் கூடாதா? நடத்தலாம், தொழிலாளியை மனிதனாக மதித்தும் நடத்தலாம். 2012-ல் லண்டன் ஒலிம்பிக் பூங்காவைக் கட்டியபோது ஒரு தொழிலாளிகூட வேலையில் சாகவில்லை. பாரீஸ் 2024 ஒலிம்பிக்குக்கு முன்னால், 2018-லேயே, தொழிற்சங்கங்கள் சமூக சாசனம் ஒன்றில் கையெழுத்து வாங்கின. சி.ஜி.டி. சங்கத்தின் முன்னாள் தலைவர் பெர்னார் திபோ அமைப்புக் குழுவிலேயே இருந்தார். அப்போதும் குறை இல்லாமல் இல்லை; காகிதம் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்கள் 2023 அக்டோபரில் ஓர் அரங்கத்தின் வேலைத்தலத்தையே பிடித்துவைத்துப் போராட வேண்டியிருந்தது. சாசனமும் வேண்டும், அதை அமல் செய்ய வைக்கும் சங்கமும் வேண்டும் என்பதே பாடம்.

ஆமதாபாத்தும் நாமும்

ஆமதாபாத் யாருடைய நகரம்? 1918-லேயே 35 சதவீதக் கூலி உயர்வு கேட்டு மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்த நகரம் அது. 1980-களிலும் 1990-களிலும் அங்கே மில்கள் வரிசையாக மூடப்பட்டன. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்தார்கள். இன்று அதே நகரில் 1,32,000 பேர் உட்காரும் ஸ்டேடியம் இருக்கிறது. நமக்கும் இது புதிதல்ல. ரோடியர் மில் என்று நாம் சொன்ன ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடப்பட்டது. மில்லை நடத்தப் பணமில்லை. மேளா நடத்தப் பணம் உண்டு!

இன்னொன்றைக் கவனியுங்கள். ஆமதாபாத்துக்குப் பந்தயம் முடிவாவதற்கு ஐந்து நாள் முன்னால், 2025 நவம்பர் 21-ந் தேதி, நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை மத்திய சர்க்கார் அமலுக்குக் கொண்டு வந்தது. 1982-ல் டெல்லித் தொழிலாளிக்குக் கைகொடுத்த பழைய சட்டங்கள் அவற்றில் கரைக்கப்பட்டுவிட்டன. காண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் முன்பு 20 பேர் இருந்தால் பொருந்தும். இனி 50 பேர் இருந்தால்தான். வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 5 பேருக்கே பொருந்தியது. இனி 10 பேர் வேண்டும். மேஸ்திரி ஆட்களைச் சிறு சிறு கூட்டமாகப் பிரித்துக் காட்டினால் போதும், சட்டம் அவன் வாசலுக்கே வராது.

வடக்கிலிருந்து வந்தவன் எதிரியா?

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது. வில்லியனூரிலும் பாகூரிலும் அரியாங்குப்பத்திலும் "வடக்கத்தியான் வந்து கூலியைக் கெடுத்துவிட்டான்" என்ற பேச்சு கேட்கிறது. டெல்லிக் கணக்கை மறுபடி பாருங்கள். அந்த ஒரு ரூபாய் யார் பைக்குப் போயிற்று? பெண்ணுக்குக் குறைத்த இரண்டே கால் ரூபாய் யாருக்கு லாபம்? ஒரிசாக்காரனுக்கா? இல்லை. கூலியைக் குறைத்தவன் கொடுத்தவன், வாங்கியவன் அல்ல. பெண்ணுக்கு 7 ரூபாய் போதும் என்ற நிலை இருக்கும்வரை ஆணின் 8 ரூபாயும் நிலைக்காது. அதேபோல வெளியூர்த் தொழிலாளிக்குக் குறைந்த கூலி இருக்கும்வரை உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் உயராது. அவனை விரட்டினால் முதலாளி இன்னொருவனை இன்னும் மலிவாகக் கொண்டு வருவான். அவனையும் சங்கத்தில் சேர்த்து ஒரே கூலி கேட்டால்தான் முதலாளிக்கு வழி அடைபடும்.

ஆகவே தோழர்களே, இந்தக் கூட்டத்தின் முன் சில கோரிக்கைகளை வைக்கிறேன்:

1. விளையாட்டு விழாக்களின் செலவுக்குத் தாழ்த்தப்பட்டோர் நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்கக் கூடாது.

2. மாற்று வீடு கையில் கொடுக்காமல் எந்தக் குடிசையையும் தொடக் கூடாது.

3. கட்டிடத் தொழிலாளிக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், எந்த மாநிலத்தவரானாலும், ஒரே கூலியை நேரடியாகக் கையில் கொடுக்க வேண்டும். மேஸ்திரி கமிஷன் ஒழிய வேண்டும்.

4. ஆமதாபாத் வேலை தொடங்கும் முன் தொழிற்சங்கங்களோடு சர்க்கார் ஒப்பந்தம் செய்ய வேண்டும்.

5. ஒவ்வொரு கொம்யூனிலும், சேரிப் பிள்ளைகளும் தடையின்றி ஆடும்படி, நல்ல விளையாட்டுத் திடல் வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டால் ஒன்றும் நடக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, இந்தி பேசத் தெரிந்த இரண்டு தோழர்களை அழைத்துக்கொண்டு, நம் பகுதியில் கட்டிடம் எழும்பும் ஒவ்வொரு வேலைத்தலத்துக்கும் போவோம். உனக்கு என்ன கூலி, யார் கையால் வாங்குகிறாய், நலவாரியத்தில் பதிந்திருக்கிறாயா என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவோம். டெல்லியில் வழக்குப் பிறந்ததும் இப்படிக் கேட்டு எழுதிய கணக்கிலிருந்துதான். முப்பத்தாறில் நம் பெரியவர்கள் உயிர் கொடுத்து வாங்கிய எட்டு மணி நேரம், ஊர் பேர் தெரியாத அந்தத் தொழிலாளிக்கும் சொந்தம்.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!