துயருக்குப் பெயரிடுவோர் யார்?

(மனநலம் பற்றிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் குளிசைகள் உடலில் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை வைத்தியர்கள் கூறுவார்கள். அஃது என் துறையன்று. ஒரு குளிசை ஒரு நாட்டினுள் நுழையும்போது, அந்நாட்டு மக்கள் தம் துயரைக் குறிக்க வழங்கும் சொல்லையே எவ்வாறு மாற்றிவிடுகின்றது என்பதைப் பற்றியே பேச வந்துள்ளேன். அதற்கு யப்பான் நாட்டின் கதை மிகப் பொருத்தமானது.

யப்பானிய மொழியில் 'உட்சுபியோ' என்று ஒரு சொல் உண்டு. மனச்சோர்வு நோய் என நாம் அதனைப் பெயர்க்கலாம். ஆயின் சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது பொதுமக்கள் வாயில் வழங்கிய சொல்லன்று. யேர்மன் வைத்திய மரபைப் பின்பற்றிய யப்பானிய மனநோய் வைத்தியர்கள், கொடியதொரு நோய்க்கே அப்பெயரை ஒதுக்கி வைத்திருந்தனர். கடன்பட்டுக் கலங்குபவனும், பிள்ளையைப் பறிகொடுத்தவளும் அச்சொல்லுக்குள் அடங்கவில்லை. துயரைத் தாங்குதல் வாழ்வின் ஒரு கூறு என்றே கருதப்பட்டது.

இவ்வெண்ணம் நமக்கும் புதிதன்று. இந்நாட்டில் பிறந்த மானிடவியலறிஞர் கணநாத் ஒபேசேகர 1985ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில் இதனையொட்டிய வினாவொன்றை எழுப்பினார். வாழ்வு துன்பமயமானது என ஒருவன் உளமாரச் சொன்னால் மேல்நாட்டு வைத்தியர் அவனை நோயாளி என்பார். இலங்கையிலோ அவன் நல்ல பௌத்தன் எனப்படுவானல்லவா என்பது அதன் சாரம்.

அமெரிக்காவில் 1988 முதல் 'புரோசாக்' என்னும் மருந்து அமோகமாக விற்பனையானது. அதனைச் செய்த கம்பனி, யப்பானில் இதற்குச் சந்தையில்லை எனக் கருதி அப்போது அங்கே செல்லவில்லை. சந்தையில்லையாயின் சந்தையை உண்டாக்கலாம் எனக் கண்டோர் பின்னர் வந்தனர். 1999இல் இவ்வகையின் முதல் மருந்து அங்கே அனுமதி பெற்றது. 2000ஆம் ஆண்டில் 'பாக்சில்' வந்தது. வைத்தியர் சீட்டில் மட்டும் கொடுக்கவேண்டிய மருந்தைப் பொதுமக்களுக்கு விளம்பரஞ் செய்வது யப்பானியச் சட்டத்துக்கு முரண். மருந்தை விளம்பரஞ் செய்ய முடியாதெனின், நோயை விளம்பரஞ் செய்யலாமே! அதைத்தான் செய்தார்கள்.

'கொகொரோ நோ கசே' என்ற சொற்றொடர் நாடெங்கும் பரவியது. 'மனத்துக்குப் பிடித்த தடிமன்' என்பது அதன் பொருள். தடிமன் யாருக்கும் வரும். வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. குளிசை போட்டால் மாறிவிடும். எத்துணை இனிய சொல்! ஆயின் தடிமனுக்கு மாதக்கணக்காக மருந்துண்பார் உண்டோ? மனநிலைக் கோளாறுகளுக்காகச் சிகிச்சை பெறுவோர் தொகை, அந்நாட்டு அரசின் கணக்கெடுப்பின்படி 1999இல் ஏறத்தாழ 4,41,000. 2008இல் அது 10,40,000ஐத் தாண்டியது.

இப்பெருக்கம் முழுவதையும் வியாபாரத்தின் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமன்று. வெட்கத்தால் மறைந்து கிடந்த உண்மை நோயாளரும் அச்சொல்லின் துணையால் வெளியே வந்தனர். மேலும் 1997இல் பெரிய நிதி நிறுவனங்கள் வீழ்ந்தன. 1998இல் தற்கொலை செய்தோர் தொகை 30,000ஐக் கடந்தது. 2011 வரையும் அதற்குக் கீழே இறங்கவில்லை. வீடு எரிந்துகொண்டிருந்தது மெய். எரிகிற வீட்டில் பிடுங்கியது இலாபம் என்று சிலர் வந்தனர் என்பதும் மெய். அம்மருந்தை விற்ற கிளாக்சோ ஸ்மித்கிளைன் கம்பனி, 'பாக்சில்' மருந்தைப் பதினெட்டு வயதுக்குக் குறைந்தோருக்கு முறைகேடாகப் பரப்பியமை உட்படப் பல குற்றச்சாட்டுகளின் பேரில், 2012இல் அமெரிக்க அரசுக்கு 300 கோடி டொலர் செலுத்த இணங்கியது. (இதனைக் கேட்டு, மருந்துண்டு வருவோர் எவரும் வைத்தியரைக் கேளாது அதனை நிறுத்திவிடலாகாது. அது பேராபத்து.)

யப்பானிய மானிடவியலாளர் யுங்கோ கிட்டனாக்கா 2011இல் வெளியிட்ட நூல், இக்கதையின் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. நோயின் பெயர் கம்பனிகளுக்கு மட்டும் பயன்படவில்லை. தொழிலாளர் கையிலும் அஃது ஓர் ஆயுதமாயிற்று.

டென்ட்சு என்பது யப்பானின் மாபெரும் விளம்பரக் கம்பனி. 1990இல் அங்கே வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஒருவர், இரவு பகலாக உழைத்து, 1991 ஓகத்து மாதத்தில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 24. பெற்றோர் வழக்காடினர். வேலைப்பளுவே அவரை மனச்சோர்வு நோயில் தள்ளியது, அந்நோயே உயிரைக் குடித்தது என்பது அவர்கள் வாதம். மேன்முறையீட்டு நீதிமன்றம் 1997இல் கம்பனியின் பொறுப்பை ஏற்றுக்கொண்டும், நட்டஈட்டில் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைத்துவிட்டது. ஏன் தெரியுமா? எடுத்த கருமத்தைக் குறையின்றி முடிக்கும் அவருடைய குணமும் ஒரு காரணமாம். உடனிருந்த பெற்றோர் தடுத்திருக்கலாமாம்! கடமையுணர்வு மிக்கவருக்கே இந்நோய் வரும் என்று யப்பானிய வைத்தியர்கள் நெடுங்காலம் கற்பித்து வந்த கொள்கை, இறந்தவருக்கு எதிராகவே திரும்பிற்று. வேலைக்கு எடுக்கும்போது நற்பண்பு. செத்தபின் அதுவே குற்றம்!

2000ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் அதியுயர் நீதிமன்றம் அக்குறைப்பைத் தள்ளுபடி செய்தது. தொழிலாளரின் உடலையும் உள்ளத்தையும் காப்பது தொழில் கொள்வோர் கடமை என்றும், சாதாரண மனிதரிடம் காணப்படும் குணவேறுபாட்டைக் காட்டி நட்டஈட்டைக் குறைக்கலாகாது என்றும் தீர்த்தது. முடிவில் கம்பனி கொடுக்க இணங்கிய தொகை ஏறத்தாழ 16 கோடி 80 இலட்சம் யென். 'பாக்சில்' விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டிலேதான். ஒரே சொல்லை ஒருபுறம் வியாபாரி மூளையின் கோளாறு என்றான். மறுபுறம் பிள்ளையை இழந்த பெற்றோர் வேலைத்தளத்தின் கோளாறு என்றனர்.

எவர் பொருள் வென்றது? 2015 திசம்பர் முதலாம் நாள் புதிய சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. ஐம்பது பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கொருமுறை தொழிலாளரின் மன அழுத்தத்தை வினாத்தாள் மூலம் அளந்தறிதல் வேண்டும். அளக்கப்படுவது தொழிலாளரின் உள்ளம். அதே மாதம் 25ஆம் நாள், அதே டென்ட்சு கம்பனியில், வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் நிறையாத இளம்பெண் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருக்கும் வயது 24. மிகை வேலையே காரணம் என அரசு 2016இல் ஏற்றுக்கொண்டது. சட்டத்துக்கு மாறாக மிகைநேர வேலை வாங்கியமைக்காக 2017இல் நீதிமன்றம் அக்கம்பனிக்கு விதித்த குற்றப்பணம் ஐந்து இலட்சம் யென்.