புறக்கோட்டைத் தெருக்கள்

கொழும்புப் புறக்கோட்டையை இன்று காண்போர், அது சந்தையாகவே வகுக்கப்பட்ட இடமென எண்ணுவர். உண்மை வேறு. ஒல்லாந்தர் அதனைக் கோட்டைக்கு வெளியே அமைந்த குடியிருப்பாகவே வைத்திருந்தனர். நேராக ஓடும் தெருக்களும் அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்களும் அக்காலத்து அமைப்பே. தேசாதிபதி தோமஸ் வன் றீ 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த இல்லம், தூண்கள் தாங்கும் முகப்போடும் உள்முற்றத்தோடும் இன்னும் நிற்கின்றது. 1982 முதல் அது நூதனசாலையாக விளங்குகின்றது.

ஆங்கிலேயர் காலத்தில் வணிகம் அவ்வீதிகளுள் புகுந்தது. கீழே கடை, மேலே வீடு என்ற வழக்கம் வேரூன்றியது. செட்டியார் தெருவிலே நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும் அருகருகே நிற்கின்றன. இரண்டாங் குறுக்குத் தெருவிலே, 1908இல் கட்டத் தொடங்கிய செந்நிறப் பள்ளிவாசல் கடை வரிசையிலிருந்தே எழுகின்றது. வழிபாடும் வணிகமும் வாழ்வும் ஒரே தெருவில் அமைந்தமையே இப்பகுதியின் உயிர்.

தெருக்களை அகலமாக்கினால் நெருக்கடி தீருமென்பார் உளர். அகன்ற தெருவில் வாகனங்களே பெருகும். எதிர்க்கடையில் விலை கேட்டுவர வாடிக்கையாளர் தயங்குவர். நாட்டாமைகள் தள்ளுவண்டியோடு படும் பாட்டுக்கு, பண்டம் இறக்கும் நேரத்தை ஒழுங்குசெய்வதே தகுந்த பரிகாரம்.

உண்மையான குறை மேல்மாடியில் உள்ளது. வீடுகள் பண்டசாலைகளாகிவிட்டன, மாலையில் கதவுகள் அடைபட்டதும் தெருக்கள் வெறிச்சோடுகின்றன. மாடிகளிற் சிலவற்றிலேனும் மீண்டும் குடும்பங்கள் வாழவேண்டுமானால், கடைக்குள் நுழையாமல் மேலேறத் தனிப் படிக்கட்டு வேண்டும். நீர்வசதியும் தீக்காப்பும் வேண்டும். இச்செலவைக் கட்டட உரிமையாளர் மட்டுமே தாங்குவரென எதிர்பார்ப்பது நியாயமன்று.