சட்டம் ஒன்று, வாசல் பல: அமெரிக்கப் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், 1944

1932 கோடையில் வாஷிங்டன் நகரத்தின் அனகோஸ்டியா ஆற்றங்கரையில், சேறும் சகதியுமான தாழ்நிலத்தில், ஒரு குடிசை ஊர் முளைத்தது. பழைய தகரம், உடைந்த பலகை, அட்டைப்பெட்டி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டு அதைக் கட்டியவர்கள், முதல் உலகப்போருக்குப் போய்த் திரும்பிய அமெரிக்க வீரர்கள். பெண்டு பிள்ளைகளோடு வந்தவர்களும் உண்டு. தலைநகரில் திரண்ட வீரர்கள் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். போர்க்காலத்தில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் தனித்தனிப் பிரிவுகளில் வைத்திருந்தது அமெரிக்க ராணுவம். இங்கே இரு சாராரும் அடுத்தடுத்துக் குடியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்த கறுப்பினப் பத்திரிகையாளர் ராய் வில்கின்ஸ் அதைப் பற்றி ‘தி கிரைசிஸ்’ இதழில் எழுதினார்.

அவர்கள் கேட்டது, தங்களுக்கு வரவேண்டிய பணத்தை. 1924-இல் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியிருந்தது: வெளிநாட்டில் பணியாற்றிய நாளுக்கு 1.25 டாலர், உள்நாட்டில் பணியாற்றிய நாளுக்கு 1 டாலர் என்று கணக்கிட்டு ஈட்டுத்தொகை. அதிபர் கூலிட்ஜ் அதை வீட்டோ செய்தார். காங்கிரஸ் அதையும் மீறி நிறைவேற்றியது. ஆனால் பெரும்பாலோர் கைக்கு வந்தது 1945-இல் முதிரும் சான்றிதழ்தான். 1929-இல் பொருளாதாரம் சரிந்து, வேலை போய், வீட்டில் அடுப்பெரியாதபோது அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இப்போதே கொடுங்கள் என்றார்கள்.

டெக்சாஸ் உறுப்பினர் ரைட் பேட்மனின் மசோதா ஜூன் 15 அன்று பிரதிநிதிகள் சபையில் 211–176 என்று வென்றது. இரண்டே நாளில் செனட் அதை 62–18 என்று தோற்கடித்தது. ஜூலை 28 அன்று, காலிக் கட்டடங்களில் தங்கியிருந்தவர்களை வெளியேற்றும்போது போலீசார் சுட்டதில் வில்லியம் ஹுஷ்கா, எரிக் கார்ல்சன் என்ற இரு முன்னாள் வீரர்கள் இறந்தார்கள். அன்று மாலை ஜெனரல் மெக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் கண்ணீர்ப்புகையும் வந்தன. இரவுக்குள் அனகோஸ்டியா குடிசைகள் எரிந்து சாம்பலாயின. ஒரு நாட்டின் ராணுவம் தன் பழைய வீரர்களையே தலைநகரிலிருந்து துரத்திய அந்த நாளை அமெரிக்க அரசியல்வாதிகள் எவரும் மறக்கவில்லை. 1936-இல், அதிபர் ரூஸ்வெல்ட்டின் வீட்டோவையும் மீறி, காங்கிரஸ் அந்தப் பணத்தைக் கொடுத்தது.

1944-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கதை வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சீருடை அணிந்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 60 லட்சம் பேர். போர் முடிந்தால் ஆயுத ஆலைகள் மூடப்படும், அத்தனை இளைஞர்களும் ஒரே நேரத்தில் வேலை தேடி வருவார்கள், 1932 பன்மடங்காகத் திரும்பும் என்ற அச்சம் வாஷிங்டனை ஆட்டிப்படைத்தது. நன்றியுணர்ச்சி இருந்தது உண்மை. சட்டத்தை விரட்டி முடிக்க வைத்தது பயம்.

ரூஸ்வெல்ட் நியமித்த குழுவின் யோசனை சிக்கனமானது: தகுதியுள்ள வீரருக்கு ஓராண்டுப் படிப்பு, தேர்ந்தெடுத்த சிலருக்கு மட்டும் அதற்கு மேல். அமெரிக்கன் லீஜியன் என்ற முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு அது போதவில்லை. அதன் முன்னாள் தேசியத் தலைவர் ஹாரி கோல்மரி கன்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகர வழக்கறிஞர். 1943 டிசம்பரில் வாஷிங்டன் மேஃப்ளவர் ஹோட்டலில் அறை எடுத்து உட்கார்ந்து, ஹோட்டலின் கடிதத்தாளிலேயே மசோதாவைக் கைப்பட எழுதினார். படிப்பு, வீட்டுக் கடன், வேலையின்மைத் தொகை, மருத்துவம் எல்லாம் ஒரே சட்டத்துக்குள். மற்ற சில படைவீரர் சங்கங்கள் எதிர்த்தன. எல்லாருக்கும் வாரிக் கொடுத்தால் ஊனமுற்றுத் திரும்பியவர்களின் பங்கு குறையும் என்பது அவர்களின் கவலை. அந்தக் கவலையில் நியாயம் இருந்தது.

செனட்டில் மார்ச் 24 அன்று 50–0. பிரதிநிதிகள் சபையில் மே 18 அன்று 387–0. இந்த எண்களை மட்டும் பார்ப்பவருக்கு, நாடே ஒரே குரலில் பேசியதாகத் தோன்றும். பேச்சு வேறெங்கோ நடந்தது. படைவீரர் சட்டங்களுக்கான பிரதிநிதிகள் சபைக் குழுவின் தலைவர் மிசிசிப்பி உறுப்பினர் ஜான் ரேங்கின், நிறவெறியை மறைக்காதவர். வேலையில்லாத வீரருக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் என்ற பிரிவு அவர் கண்ணை உறுத்தியது. பருத்திக் காட்டில் அற்பக் கூலிக்கு உழைக்கும் கறுப்பின இளைஞனுக்கு அந்த 20 டாலர் வந்தால் அவன் ஏன் அந்தக் கூலிக்குக் குனிய வேண்டும்? மசோதா அவர் குழுவில் வாரக்கணக்கில் கிடந்தது.

இரு சபைகளின் வடிவங்களையும் இணைக்கும் கூட்டுக் குழுவிலும் முட்டுக்கட்டை. வேலைவாய்ப்புப் பிரிவில் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள் சரிபாதியாகப் பிரிந்து நின்றார்கள். தீர்மானிக்க வேண்டிய ஒரு வாக்கு, ஜார்ஜியாவில் உடல்நலமின்றி வீட்டில் இருந்த ஜான் கிப்சனுடையது. தன் வாக்கைப் பயன்படுத்த அவர் ரேங்கினுக்கு அதிகாரம் கொடுத்திருந்தார். ரேங்கின் அதைப் பயன்படுத்த மறுத்தார். மறுநாள் காலைக்குள் முடியாவிட்டால் மசோதா செத்தது என்ற நிலை. ஜூன் 9 இரவு லீஜியன்காரர்கள் தொலைபேசியைச் சுழற்றினார்கள். கிப்சனைக் கண்டால் சொல்லுங்கள் என்று ஜார்ஜியா வானொலி நிலையங்கள் அறிவித்தன. ஆள் கிடைத்ததும் கொட்டும் மழையில் காரில் ஏற்றி, புளோரிடாவின் ஜாக்சன்வில் விமான நிலையத்துக்கு விரட்டிப் போனார்கள். விடியலில் வாஷிங்டன் வந்து இறங்கிய கிப்சன், காலையில் குழுவில் வாக்களித்தார். ஜூன் 22 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நார்மண்டிக் கடற்கரையில் படைகள் இறங்கி அப்போது 16 நாள்தான் ஆகியிருந்தது.

சட்டம் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. கல்விக்கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரை. கூடவே தனியாளுக்கு மாதம் 50 டாலர், குடும்பஸ்தருக்கு 75. வீடோ நிலமோ தொழிலோ வாங்கும் கடனில் பாதிக்கு, 2,000 டாலர் வரை, அரசின் உத்தரவாதம். மாதத்தொகையும் உத்தரவாதத்தின் உச்சவரம்பும் அடுத்த ஆண்டே உயர்த்தப்பட்டன. சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் முதலான கல்வியாளர்கள், வேலை கிடைக்காதவர்கள் வந்து கல்லூரியை நிரப்பித் தரத்தைக் கெடுப்பார்கள் என்று அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு. 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் முன்னாள் வீரர்கள். இடம் போதாமல் ராணுவத்தின் தகரக் கொட்டகைகளைக் கொண்டுவந்து வளாகத்தில் நட்டார்கள். மனைவியும் கைக்குழந்தையுமாக மாணவர்கள் குடியிருக்கும் காட்சி அந்நாட்டுக் கல்லூரிகளுக்குப் புதிது. 1956-இல் திட்டம் முடிந்தபோது ஏறத்தாழ 78 லட்சம் பேர் படிப்போ தொழிற்பயிற்சியோ பெற்றிருந்தார்கள், அவர்களில் 22 லட்சம் பேர் கல்லூரிகளில். ரேங்கின் பயந்த வாரம் 20 டாலருக்காக ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. உட்கார்ந்து சாப்பிடப் பெரும்பாலோர் விரும்பவில்லை.

இந்த வெற்றியைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் புத்தகங்கள் ஏராளம். இந்தச் சொற்பொழிவு அங்கே நிற்க முடியாது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டும் என்பார்கள். சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. பணம் மத்திய அரசுடையது, ஆனால் ஒப்புதல் உள்ளூரில். வீட்டுக் கடனை அரசு கொடுக்காது. வங்கி கொடுக்கும், அரசு பிணை நிற்கும். கறுப்பின வீரருக்கு வங்கி கொடுக்காவிட்டால் பிணைக்கு வேலையே இல்லை. கல்லூரியில் யாரைச் சேர்ப்பது என்பது கல்லூரியின் முடிவு. மாநிலக் கல்வி அமைப்புகள் மீதோ கல்லூரிகள் மீதோ மத்திய அதிகாரிகள் எந்தக் கட்டுப்பாடும் செலுத்தக் கூடாதென்று சட்டமே எழுதிவைத்தது. வேலையின்மைத் தொகை மாநில அலுவலகங்கள் வழியாகப் போயிற்று. தெற்கு மாநிலங்களில் அந்த மேசைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள்.

விளைவைக் காட்ட ஒரு கணக்குப் போதும். 1947-இல் மிசிசிப்பியின் 13 நகரங்களில் நடந்த ஒரு கணக்கெடுப்பில், அரசு உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 3,229 கடன்களில் கறுப்பின வீரர்களுக்குக் கிடைத்தவை இரண்டு. இது தெற்கின் நோய் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். அதே ஆண்டு நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில், திரும்பிய வீரர்களுக்காக எழும்பத் தொடங்கிய லெவிட்டவுன் குடியிருப்பின் ஒப்பந்தத்திலேயே, வெள்ளையர் அல்லாதார் குடியிருக்கக் கூடாதென்ற நிபந்தனை இருந்தது.

ரேங்கினின் மிசிசிப்பியிலிருந்து நார்மண்டி வரை போய்த் திரும்பியவர் மெட்கர் எவர்ஸ். 1946-இல் டிகேட்டர் ஊரில் வாக்களிக்கப் போனபோது ஆயுதமேந்திய கும்பல் அவரைத் திருப்பி அனுப்பியது. அதே சட்டத்தின் உதவியால் ஆல்கார்ன் கல்லூரியில் படித்தார். அது கறுப்பினத்தவருக்கான கல்லூரி. அப்படிப்பட்ட கல்லூரிகள் சிறியவை, பணமில்லாதவை. இடமில்லை என்று திரும்பியவர்கள் ஆயிரக்கணக்கானோர். கதவு திறந்த இடங்களில் இந்தச் சட்டம் என்ன செய்தது என்பதற்கு எவர்ஸ் சாட்சி. குடிமை உரிமைகள் இயக்கத்தின் முன்னணியில் நின்று, 1963-இல் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டு இறந்தார்.

சில வாசல்களைக் காங்கிரசே அடைத்தது. அமெரிக்கக் கொடியின் கீழ் ஜப்பானியரோடு மோதிய பிலிப்பைன்ஸ் வீரர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர். படைவீரருக்குரிய உரிமைகள் உண்டென்ற நம்பிக்கையோடு சண்டையிட்டவர்கள். 1946 பிப்ரவரியில் அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்ட ஒரு செலவுக்குறைப்புச் சட்டம், அவர்களில் பெரும்பாலோரின் பணி உரிமைகளைப் பொறுத்தவரை கணக்கில் வராது என்று சொல்லிவிட்டது. 2009-இல், உயிரோடிருந்தவர்களுக்கு ஒருமுறை தொகை வந்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்களுக்கு 9,000. இடையில் 63 ஆண்டுகள். போர்க்காலத்தில் ராணுவ விமானங்களை ஓட்டிய வாஸ்ப் என்ற பெண் விமானிகளுக்கோ, தாங்கள் படைவீரர்கள்தாம் என்ற அங்கீகாரம் 1977-இல்தான் கிடைத்தது.

போருக்குப் பின் சட்டம் செய்யும் எந்த நாடாளுமன்றத்திலும் விவாதம் தொகையைச் சுற்றியே வளரும். எத்தனை டாலர், எத்தனை மாதம் என்பதே செய்தியாகும். மனு எந்த மேசைக்குப் போகும், அந்த மேசைக்காரர் மறுத்தால் வீரர் அடுத்து எங்கே போவார் என்ற கேள்விக்கு 1944-இல் இரு சபைகளும் பதில் எழுதவில்லை. ரேங்கின் அந்தக் கேள்வியின் கனம் தெரிந்தவர். மற்றவர்கள் அவரோடு சமரசம் செய்துகொண்டார்கள்.

2021 நவம்பரில் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு மசோதா வந்தது. மறுக்கப்பட்ட வீட்டுக் கடன், கல்வி உதவிகளை அந்தக் கறுப்பின வீரர்களின் சந்ததியினருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உள்ளடக்கம். அதற்கு இரண்டு வீரர்களின் பெயர் சூட்டியிருக்கிறார்கள். ஐசக் வுடர்ட், 1946 பிப்ரவரியில் ராணுவத்திலிருந்து விடுவிக்கப்பட்ட சில மணி நேரத்தில், சீருடையோடு பேருந்தில் ஊர் திரும்பும் வழியில், தென் கரோலினாவில் போலீசார் அடித்ததில் இரு கண்களையும் இழந்தவர். ஜோசப் மேடக்ஸ், ஹார்வர்டில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர். முன்னுதாரணம் ஆகிவிடும் என்று சொல்லி, உள்ளூர் படைவீரர் அலுவலகம் அவருக்குக் கட்டணம் தர மறுத்தது. மசோதா 2023-இல் மீண்டும் தாக்கலானது. அந்த முறையும் சட்டமாகவில்லை.