பலகைக்கு அடியில் காற்று ஓடட்டும்

(திருகோணமலைத் துறைமுகப் பகுதித் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலருடைய குடும்பங்கள் 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையை விட்டு இந்தப் பக்கம் வந்தவை. இப்போது நமக்கு மழைகூட வேறு வேறு காலத்தில்தான். எங்கள் மேற்குச் சரிவில் வைகாசி, ஆனியில் கொட்டும். உங்களுக்கு ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. ஆனால் பலகைத் தரையில் பூஞ்சணம் பிடித்தால் இரண்டு இடத்திலும் ஒரே பேச்சுத்தான் வரும்: "நீங்கள் துப்புரவாக வைத்திருப்பதில்லை."

எங்கள் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்குப் பழைய பலகைத் தரை. ஒரு மூலை கறுத்துப் போய் நாற்றம் எடுத்தது. ஒரு பிள்ளைக்கு இழுப்பு விடாமல் வந்தது. நிர்வாகம் குளோரின் போத்தல்களைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னது. "டீச்சர், நாங்கள் தேய்க்காத நாளே இல்லை" என்றார் பிள்ளை பார்க்கும் அம்மா. உண்மைதான். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வெளுத்தது. தண்ணீர் பலகைக்குள் இறங்கியது. இரண்டு கிழமையில் பூஞ்சணம் திரும்பி வந்தது.

ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்தோம். கான் வெட்டிய மண்ணைச் சுவரோரம் குவித்ததில், தரைக்கு அடியில் காற்றுப் போகும் துவாரங்கள் மூடிக் கிடந்தன. மேலே கூரைப் பீலி உடைந்து அதே மூலையில் ஒழுகியது.

கொழுந்து வாட்டுவது எப்படி என்று உங்கள் பெரியவர்களுக்குத் தெரியும். அடியிலிருந்து காற்று வந்தால்தான் கொழுந்து வாடும். பலகையும் அப்படித்தான். மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம்.

ஆகவே முதலில் பீலியையும் கானையும் துவாரங்களையும் பாருங்கள். அதன் பிறகு தரைக்கு வாருங்கள். காய்ந்த பூஞ்சணத்தைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள்; தூள் பறந்து நெஞ்சுக்குள் போகும். மூக்கையும் வாயையும் மூடிக்கட்டி, சவர்க்காரத் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் துடையுங்கள். கதவு, யன்னலைத் திறந்து காய விடுங்கள். குளோரினோடு வினாகிரியைக் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும். ஈரப் பலகையின் மேல் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டால் அடியில் அழுகும். ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று இறங்கினால் அந்தப் பலகையை மாற்றத்தான் வேண்டும்.

துறைமுகப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. கடற்காற்றில் வரும் உப்பு பலகையில் படிந்தால், அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஆகவே நல்ல தண்ணீரால் துடையுங்கள். கடல் தண்ணீர் வேண்டாம்.

துடைப்பது நம் வேலை. பீலி போடுவதும் பலகை மாற்றுவதும் கட்டடத்துக்குச் சொந்தக்காரரின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக்கி விடுவதால்தான் பழி எப்போதும் பெண்கள் தலையில் விழுகிறது. அந்தப் பிள்ளைக் காம்பராவில் மண்ணை நாங்களே ஒரு ஞாயிற்றுக்கிழமை அள்ளினோம். பீலிக்கு இரண்டு கடிதமும் எட்டு மாதமும் பிடித்தன. வாயால் சொன்னதற்குப் பதில் வரவில்லை. திகதி போட்டு, படம் இணைத்து, பிரதியைச் சங்கத்தில் வைத்த கடிதத்துக்குத்தான் வந்தது.

ஐப்பசி மழைக்கு முன் உங்கள் வீட்டையும், பிள்ளைகள் இருக்கும் கட்டடத்தையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். கண்டதை எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்கள் எழுதித் தருகிறோம். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பிரதி கையில் இருக்கட்டும்.