வேதுப் பெட்டிக்கு வேண்டுவன
(நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கம்பனையும் வள்ளுவனையும் பற்றிப் பேசுவோர் அமர்ந்திருக்கும் இம்மேடையில், ரயில்வே பார்சல் அலுவலகத்தில் கணக்கெழுதும் எளியேனுக்குச் செயலாளர் அவர்கள் ஒதுக்கித் தந்த பொருள், வீட்டில் வேது பிடிக்கும் பெட்டிக்கும் அறைக்கும் வேண்டிய துணைப்பொருள்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதாகும். முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. ஆயினும் சென்ற ஓராண்டில் நம் குடியிருப்பில் மூன்று வீடுகளில் ஆவிப்பெட்டி வந்திறங்கியிருக்கிறது. நான்காவது வீட்டில், மகன் அயல்நாட்டிலிருந்து பணம் அனுப்ப, பின்லாந்து நாட்டு முறையில் மரச்சுவர் வைத்த சௌனா அறையே எழும்பிவிட்டது. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்களின் சேமநிதிப் பணம் இது. மூட்டு வலியும் முதுகு வலியும் தீரும் என்ற நம்பிக்கையில் செலவிடுவது. பெட்டி வந்த மறுநாளே, வண்ண விளக்கு வேண்டும், பாட்டுப்பெட்டி வேண்டும், வாசனைத் தைலம் வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்து நிற்கிறது. எதனை முதலில் வாங்குவது? உள்ளே சென்றவரை நலமாக வெளியே கொண்டுவரும் பொருள் எதுவோ, அதனையே முதலில் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

இக்கருத்து என்னுடைய கண்டுபிடிப்பன்று. சரக சங்கிதையின் சூத்திரத்தானத்தில் பதினான்காம் அத்தியாயம் முழுவதும் வியர்வை வருவிக்கும் சிகிச்சையைப் பற்றியது. தீயின் துணையால் வியர்க்கச் செய்யும் பதின்மூன்று முறைகளை அது கூறுகிறது. அவற்றுள் ஜேந்தாகம் என்ற ஒன்று, இன்றைய சௌனாவுக்கு அண்ணன் என்றே சொல்லத்தக்கது. நீர்நிலையின் அருகே மண்ணால் ஒரு வட்ட வீடு. உயரமும் அகலமும் மிகுந்தால் பதினாறு முழம். சுற்றிலும் பல சாளரங்கள். நடுவில் ஆளுயரத்தில் நுண்துளைகள் நிறைந்த மண் அடுப்பு, அதற்கு ஒரு மூடி. புகை அடங்கிச் சூடு நிலைத்த பிறகே உடலில் எண்ணெய் தேய்த்த நோயாளி உள்ளே செல்வார்.

எனக்கு வியப்பளிப்பது அடுப்பன்று, திண்ணை. சுவரை ஒட்டி ஒரு முழ அகலத்தில் சுற்றிவரும் அத்திண்ணை வாயில்வரை தொடர வேண்டும் என்கிறது நூல். மயக்கமே வந்தாலும் திண்ணையை விட்டு நீங்காதே, நீங்கினால் வாயிலைக் காணாமல் உயிரிழப்பாய் என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும். வியர்த்து உடல் லேசானதும், அத்திண்ணையைப் பற்றிக்கொண்டே வாயிலை அடைய வேண்டும். உட்காரும் பலகையே வெளியேறும் வழிகாட்டியாகவும் அமைந்திருப்பதைக் காண்க!

துணைப்பொருள்களின் பட்டியலும் அங்கேயே உண்டு. கண்களைத் தூய துணியாலோ, கோதுமை மாவு உருண்டையாலோ, தாமரை, குவளை இதழ்களாலோ மூடிக் காக்க வேண்டும். நெஞ்சைக் குளிர்ந்த முத்துமாலையாலும், குளிர்ந்த பாத்திரத்தாலும், நீரில் நனைந்த மலர்களாலும் தொட்டுக் குளிர்விக்க வேண்டும். நம் இல்லத்தரசியர் முத்துமாலைக்கு இதனைக் காரணம் காட்டினால் அடியேன் பொறுப்பல்லேன். ஒரு ஈரத் துணி போதும்.

இனிப் பின்லாந்துக்கு வருவோம். ஏறத்தாழ 55 லட்சம் மக்கள் வாழும் அந்நாட்டில் சௌனாக்கள் 30 லட்சம் இருக்கும் என்பர். 2020ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் இப்பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. கற்கள் அடுக்கிய அடுப்பு, மரவாளி, நீண்ட கைப்பிடியுள்ள மர அகப்பை, உடலில் தட்டிக்கொள்ளப் பிர்ச்சு மரத்தின் இலைக்கொத்து: அவர்களுடைய துணைப்பொருள்கள் இவ்வளவே. அறையின் வெப்பம் 80 முதல் 100 பாகை செல்சியஸ் வரை. அவ்வளவு வெப்பத்தை அவர்கள் தாங்குவதற்குக் காரணம், அங்குள்ள காற்று மிக உலர்ந்தது. வியர்வை உடனுக்குடன் ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நம் ஆவிப்பெட்டியிலோ காற்று நீராவியால் நிறைந்திருக்கும். வியர்வை வழியுமே தவிர உலராது. ஆதலால் 45 பாகையே அங்குக் கடுமையானது. பின்லாந்துக்காரர் 90 பாகையில் அமர்ந்திருக்கிறார், நான் 50இல் அமரக் கூடாதா என்று கேட்பது, அகலப் பாதைக்கும் குறுகிய பாதைக்கும் ஒரே சக்கரம் போதாதா என்று கேட்பது போன்றதாகும்.

அப்பின்லாந்திலும் அளவு மீறினால் ஆபத்தே. 2010ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஹெய்னோலா என்ற ஊரில் நடந்த உலகச் சௌனாப் போட்டியில், 110 பாகை வெப்பத்தில் யார் நெடுநேரம் இருப்பது என்று அமர்ந்தவர்களுள் ரஷ்யப் போட்டியாளர் ஒருவர் உயிரிழந்தார். போட்டியும் அத்துடன் நின்றது. மறுபுறம், கிழக்குப் பின்லாந்தில் 2,315 ஆடவரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்தில் பல நாள் சௌனா செல்வோரிடையே திடீர் மாரடைப்புச் சாவு குறைவாக இருந்தது என்று கண்டனர். நற்செய்திதான். எனினும் அவர்கள் சிறுவயது முதலே அப்பழக்கத்தில் வளர்ந்தவர்கள் என்பதையும், அறுபது வயதில் தொடங்கும் நம்மவர்க்கு அதனை அப்படியே பொருத்த இயலாது என்பதையும் மறத்தல் ஆகாது.

சரி, நம் வீட்டுக் கதவுக்கு வருவோம். எங்கள் தெருவில் ஓர் இல்லத்தில் மடக்கி வைக்கும் துணிக்கூடாரம் ஒன்று வாங்கினர். தலை மட்டும் வெளியே இருக்கும், உடல் உள்ளே. அதன் ஜிப்பை வெளியிலிருந்துதான் இழுக்க முடியும். வீட்டுப் பெரியம்மா உள்ளே அமர்ந்தார். மருமகள் அடுக்களையில் இருந்தார். பேரன் அடுத்த அறையில் ஒலியைக் கூட்டி வைத்துக் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மா போதும் போதும் என்று அழைத்த குரல் எவர்க்கும் கேட்கவில்லை. தற்செயலாக மருமகள் எட்டிப் பார்த்ததால் இடர் ஏதுமின்றித் தப்பினார். அன்று முதல் அந்தக் கூடாரம் பரண்மேல் கிடக்கிறது. அதற்கு வாங்கிய வாசனைத் தைலம் மூன்று புட்டிகள் இன்னும் உடைக்கப்படாமல் உள்ளன!

ஆகவே முதற்செலவு இங்கே. கூடாரமாயின் உள்ளிருந்தும் திறக்கும் இருபுற ஜிப். பெட்டியாயின் உட்புறம் தள்ளினாலே திறக்கும் கதவு. அறையாயின் வெளிப்புறமாகத் திறப்பதும், தாழ்ப்பாளே இல்லாததுமான கதவு. அதில் ஒரு கண்ணாடிச் சாளரம். கைக்கெட்டும் தொலைவில் ஓர் அழைப்பு மணி. இவை கடையில் பளபளப்பாகத் தெரிவன அல்ல. விற்பவரும் தாமாகச் சொல்வதில்லை.

அடுத்து, வெப்பமானியும் கடிகையும். வெப்பமானியை அடுப்பின் மேலே மாட்டினால் அது அடுப்பின் வெப்பத்தைச் சொல்லும்; அமர்ந்திருப்பவரின் தலை உயரத்தில் மாட்டினால்தான் அவர் படும் வெப்பத்தைச் சொல்லும். கடிகைக்கு நான் பரிந்துரைப்பது மணற்கடிகை. மின்சாரம் வேண்டாம், ஈரத்தில் கெடாது, கண்ணாடி இல்லாத பார்வைக்கும் தெரியும். ஆவிப்பெட்டிக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். பதினைந்துக்கு மேல் வேண்டா.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆவிப்பெட்டியின் கொதிகலம் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிலோவாட்டு. 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குள் அடங்கும். 16 ஆம்பியர் பிளக்கு தாங்கும். சௌனா அடுப்போ ஒரு கன மீட்டர் அறைக்கு ஏறத்தாழ ஒரு கிலோவாட்டு என்ற கணக்கு. சிறிய அறைக்கே ஆறு கிலோவாட்டு என்றால் 26 ஆம்பியர்! அதனை வாட்டர் ஹீட்டர் பிளக்கில் செருகுவது தீயை விலைக்கு வாங்குவதாகும். தனிக் கம்பி இழுத்து, 30 மில்லியாம்பியர் மின்கசிவுத் துண்டிப்பானும் பொருத்துதல் இன்றியமையாதது. கைப்பேசியிலிருந்தே அடுப்பை மூட்டும் வசதியொன்று இப்போது வந்துள்ளது. அடுப்பின்மேல் யாரோ துண்டு உலர்த்தியிருப்பதைக் கைப்பேசி அறியுமா? நான் அதற்கு ஒரு காசும் செலவிடேன். அந்தப் பணத்தில் அடுப்பைச் சுற்றி ஒரு மரக்கிராதி வைக்கலாம்.

பிரஷர் குக்கரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியே ஆவி எடுப்போரும் உண்டு. பழைய நீராவி எஞ்சினில் கொதிகலத்துக்குப் பாதுகாப்பு வால்வும், நீர் குறைந்தால் உருகி எச்சரிக்கும் ஈயத் தக்கையும் இருந்தன என்று எங்கள் மூத்த ஊழியர்கள் சொல்வர். குக்கரில் நொச்சி இலையையும் ஆமணக்கிலையையும் போட்டுக் கொதிக்கவைத்தால் இலைத் துணுக்கு ஆவித்துளையை அடைத்துவிடும். இலைகளைத் துணியில் முடிந்து, ஆவி வெளிவரும் வாயருகே பெட்டிக்குள் வையுங்கள். அவ்வாய்க்கு முன்னே ஒரு மரத்தடுப்பு வேண்டும். இல்லையேல் கணுக்கால் வெந்துவிடும்.

மரத்தில், வார்னிஷ் பூசாத பலா அல்லது தேக்கு நன்று. ஆணித்தலை வெளியே தெரியலாகாது. இவ்வூரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் மற்றொரு மழை. காற்று எப்போதும் ஈரம். பூசணம் பிடிக்காமல் இருக்கச் சிறிய காற்றுவாங்கி ஒன்று வண்ண விளக்கைவிடப் பயன்தரும். சௌனாக் கற்களைக் கரமனை ஆற்றிலிருந்து பொறுக்கிவர எண்ணுவோர்க்கு ஒரு சொல்: ஈரம் உட்புகுந்த ஆற்றுக்கல் சூட்டில் வெடித்துச் சிதறும். அதற்கென விற்கும் கல்லையே வாங்குக. தைலத்தைக் கல்மேல் நேரே ஊற்றுவதும் கூடாது, தீப்பற்றும்.

வெளியே வந்தவுடன் குளிர்ந்த நீரில் குளிக்க வேண்டாம் என்கிறது சரகம். ஒரு முகூர்த்தம் இளைப்பாறி, வெதுவெதுப்பான நீரில் குளிக்கச் சொல்கிறது. பின்லாந்துக்காரர் ஏரியில் குதிப்பர். நம் பெரியவர்கள் சரகத்தின் பக்கமே நிற்கட்டும். வாயிலருகே ஒரு நாற்காலியும் ஒரு செம்பு நீரும் வைக்க என்ன செலவு?

இதய நோயர், இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்போர், கருவுற்ற பெண்டிர், காய்ச்சலுடையோர் ஆகியோர் மருத்துவரைக் கேளாமல் உள்ளே செல்லலாகாது. மது அருந்தியவர் செல்லவே கூடாது. 1889இல் பாடசாலையாகத் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி நம் ஊரிலேயே இருக்கிறது. பெட்டிக்குப் பணம் கட்டுமுன் அங்கே சென்று, நம் வலிக்கு வேது ஏற்றதா என்று கேட்டு வருதல் நலம். ஏற்றதன்று என்று அவர்கள் சொன்னால் பெட்டியின் விலையே மிச்சம்.

வரும் ஞாயிறு காலை, நம் குடியிருப்பின் மின்பணியாளர் நான்கு வீடுகளின் கம்பிகளையும் பார்வையிட இசைந்துள்ளார். புதிதாக வாங்க எண்ணுவோரும் உடன் வரலாம். விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.